உன் அக்காவின்மேல் எனக்கிருந்த பொறாமை

அன்புள்ள செந்தில்,

புதன்கிழமை நீ அனுப்பிய செய்தியை நாலைந்து நாளாகத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அக்கா வந்துட்டுப் போனது தெரியும்மா. ஆனா கல்யாணத்துக்கு வேணாம். அவங்க வந்தா நான் மணமேடைக்கு வர மாட்டேன்." இதற்கு "சரிப்பா" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் நீ நிம்மதியாக இருந்திருப்பாய். ஒன்றரை வருஷமாக நான் உனக்குப் போட்ட பதில்கள் எல்லாம் அப்படிப்பட்டவைதான். இந்தத் தடவை கை வரவில்லை. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்ல ஆரம்பிப்பாய், எனக்கு மன்னிப்பு சுலபமாகக் கிடைத்துவிடும். அதனால்தான் மேல வீதிக் கடையில் போய்ப் பேப்பர் வாங்கிவந்து எழுதுகிறேன். இதில் ஒரு நகல் உன் அக்கா மதிக்குப் போகும். இன்னொன்று கயலுக்கு. புவனகிரியிலிருந்து நம் வீட்டுக்கு வரப்போகிற பெண், எப்படிப்பட்ட மாமியாரிடம் வருகிறாள் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளட்டும்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் நாடு, அக்கா நாடு என்றுதான் எழுதுவேன். பெயர் போட்டு எழுதினால் நீ உடனே அந்த நாடு அன்றைக்கு என்ன தீர்மானம் போட்டது, இந்த நாடு எதற்குக் கையெழுத்துப் போட மறுத்தது என்று போய்விடுவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். இது நாடுகளைப் பற்றிய கடிதம் இல்லை. அவற்றின் சண்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைப் பற்றியது.

உங்கப்பா போனபோது உனக்கு நாலு வயது, மதிக்குப் பதினாலு. சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை கிடைத்தது. அங்கேயே தங்க வேண்டும், சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. கடலூரில், செம்மண்டலத்து வீட்டில் நீங்கள் இரண்டு பேரும், வாடகைக்கு இருந்த குடும்பத்தின் துணையோடு இருந்தீர்கள். ஊரார் வீட்டுப் பெண்களுக்குக் காய்ச்சல் வந்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் உன் அக்கா தொட்டுப் பார்ப்பாள். எனக்குச் சனிக்கிழமை விஷயம் தெரியும்போது உனக்கு உடம்பு சரியாகியிருக்கும். உனக்குப் பல் விழுந்தது, சைக்கிள் கற்றுக்கொண்டது, தெருநாய் துரத்தியது எல்லாமே எனக்குக் கேட்டுத் தெரிந்த கதைகள்.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்த ஒன்றை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. விடுதிக்கும் மதியின் காலேஜுக்கும் விடுமுறை விட்டதால் ஒரு திங்கட்கிழமை நாங்கள் வீட்டில் இருந்தோம். தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் நின்று முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாய். "மிஸ்ஸு அம்மாவக் கூட்டிகிட்டு வரச் சொன்னாங்க" என்று மூச்சிரைக்கச் சொன்னாய். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இரு, செருப்பப் போட்டுகிட்டு வரேன்" என்றேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டி உள்ளே ஓடி, "அக்கா, சீக்கிரம் வா, மிஸ்ஸு கூப்புடுறாங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாய். மதி என்னைப் பார்த்தாள். "அம்மா இருக்காங்கள்லடா, அவுங்கதான் வரணும்" என்றாள். "அவுங்கள மிஸ்ஸுக்குத் தெரியாதுக்கா" என்றாய். நீ சொன்னது உண்மை. அவள்தான் போனாள். நான் வாசலிலேயே நின்றேன்.

அன்றைக்கு என் மனசில் வந்தது துக்கம் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். துக்கம் இல்லை, பொறாமை. நான் பெற்ற மகள்மேல் எனக்கு வந்த பொறாமை. பதினெட்டு வயதுப் பெண், காலேஜ் முடிந்து ஓடிவந்து சோறு வடித்து, உன் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, தன் படிப்பை விடியற்காலையில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுதிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அந்த மாதமே உன்னைச் சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெண்கள் விடுதியில் பையனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். ஒரு வாரம் மட்டும் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன். நீ மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் நானே பஸ் ஏற்றிக் கூட்டிவந்தேன். பு.முட்லூர் தாண்டும்வரை நீ என் மடியில் தூங்கினாய். அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடலூர் பஸ் நிலையத்தில் மதி நின்றுகொண்டிருந்தாள். படிக்கட்டிலிருந்தே அவள்மேல் தாவினாய்.

நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒனக்குப் புள்ள வேணும்னா கல்யாணம் பண்ணிகிட்டுப் பெத்துக்க. என் புள்ளைய விடு." பஸ் நிலையத்தில், அத்தனை ஜனங்களுக்கு நடுவில் சொன்னேன். அவள் உன்னைக் கீழே இறக்கி என் பக்கம் தள்ளினாள். நீ மறுபடியும் அவளிடமே போனாய்.

மூன்று வருஷம் கழித்து அவளுக்கு வரன் பார்த்தோம். நல்ல வரன்களாகவே நாலு வந்தன. ஒன்று நெய்வேலி, ஒன்று விழுப்புரம், ஒன்று புதுச்சேரி. நாலாவது மாப்பிள்ளை கடல் தாண்டி இருந்தார். எல்லோரும் அவர் நல்லவர், படித்தவர் என்று சொன்னார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். நல்லவர்தான், அதில் குறையில்லை. ஆனால் நான் அவரைத் தேர்ந்தெடுத்தது அவர் நல்லவர் என்பதற்காக இல்லை, செந்தில். நாலு பேரில் அவர்தான் ரொம்பத் தூரத்தில் இருந்தார். மதிக்கு அது புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நிச்சயதார்த்தத்தன்று, "தம்பிக்குப் புளிக்குழம்பு காரமா ஆகாதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வெளியே தங்க அனுமதி வாங்கி, விடுதிக்குப் பக்கத்தில் வீடு எடுத்தேன். உன்னைச் சிதம்பரத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். உடம்பளவில் நீ என்னோடு இருந்தாய். ஆனால் சமையலறைச் சுவரில் பென்சிலால் அக்கா ஊர் நேரத்தை எழுதிவைத்திருந்தாய். நான் தோசை சுடும்போது, "அக்கா இப்ப தூங்கப் போயிருப்பா" என்பாய். பிறகு பெரியவனாகிப் படிக்கப் போனாய். வெளிநாடு போனாய். விண்ணப்பம் எழுதியதிலிருந்து வீடு பார்த்ததுவரை எல்லாம் அவள் சொல்லித்தான் செய்தாய். நீ வேறு நாட்டில், அவள் வேறு நாட்டில். இருந்தும் தினம் பேசிக்கொண்டீர்கள். எனக்கு ஞாயிறு சாயங்காலம் மூன்று பேரும் சேர்ந்து பேசும் அழைப்பு மட்டும். அதிலும் நீங்கள் வாரம் முழுக்கப் பேசியதன் மீதியைப் பேசுவீர்கள். பாதி எனக்குப் புரியாது. உனக்கு வேலையில் பதவி உயர்வு வந்ததை, நீ குடியுரிமை வாங்கியதை, கயல் என்று ஒரு பெண் இருப்பதை, எல்லாமே நான் மதி வாயால்தான் கேட்டேன். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றால், "அக்கா சொல்லியிருப்பாளேம்மா" என்பாய். கோபமாகச் சொல்ல மாட்டாய். ரொம்ப இயல்பாகச் சொல்வாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் போர் வந்தது. உன் நாடும் அக்கா நாடும் ஒரே கூட்டணி, ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் வரவேண்டும் என்று எழுத்தில் ஒப்பந்தம் என்றெல்லாம் நீதான் பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அக்கா நாடு போருக்குப் போவதென்று முடிவெடுத்து, உன் நாட்டைப் படையும் துறைமுகமும் விமானதளமும் கேட்டது. உன் நாடு முடியாது என்றது. அந்தச் சமயத்தில் மதியின் மகன் கவின் ராணுவத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படிப்புக்கு உதவி கிடைக்கும், நாலு ஊர் பார்க்கலாம் என்று சேர்ந்தவன். மதி வேண்டாம் என்று எவ்வளவோ அழுதாள், அவன் கேட்கவில்லை. போர் என்று செய்தி வந்த நாளிலிருந்து அவள் தூங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு உனக்கு நினைவிருக்கும். நான் அடுப்பில் உலை வைத்துவிட்டுப் போனைத் தம்ளரில் சாய்த்துவைத்திருந்தேன். நீ உற்சாகமாக ஆரம்பித்தாய். "அக்கா, பாத்தியா? எங்க பார்லிமென்ட்ல முடியாதுன்னு ஓட்டுப் போட்டுட்டாங்க. நாங்க வர மாட்டோம்னு நேராவே சொல்லிட்டோம்."

"நாங்களா? யாருடா நாங்க?" என்றாள் மதி.

"ஏன், நாங்கதான். இது அநியாயமான சண்டைக்கா. கூட்டாளின்னா தப்புக்கும் கூட நிக்கணுமா?"

"நல்லா இருக்குடா. ஒங்களுக்கு ஒண்ணுன்னா எங்க புள்ளைங்க வரணும். எங்களுக்குன்னா கதவச் சாத்திக்குவீங்க. இத்தினி வருஷமா யாரு காவலுக்கு நின்னா?"

"கேட்டா நின்னீங்க? ஒங்க லாபத்துக்கு நின்னீங்க."

"கவின் போறான்டா. ஒனக்குப் புரியுதா? அது வேற யாரோ இல்ல, கவினு. நீங்க அந்தத் துறைமுகத்தக் குடுத்தா அவனுங்களுக்கு ஆபத்து கொறையும்னு சொல்றாங்க."

"குடுக்கலன்னா ஒருவேள சண்டையே நிக்கும்கா."

அவள் போனை வைத்துவிட்டாள். உங்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் உன் பேச்சைப் பாதியில் வெட்டினாள். உன் முகம் சின்னதாகிப்போனது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது, நான் அசையாமல் நின்றேன், என் மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. "நாங்க" என்று நீ அந்த ஊரைச் சொன்னதும் எனக்கு ஒரு குத்து குத்தியதுதான். ஆனால் அந்த "நாங்க"வில் மதி இல்லை. அது போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை நீ எனக்குத் தனியாகப் போன் செய்தாய். முப்பது வருஷத்தில் முதல் முறையாக, அக்காவிடம் சொல்ல முடியாத ஒன்றை என்னிடம் சொல்ல வந்தாய். அரை மணி நேரம் பேசினாய். அடுத்த நாளும் பேசினாய். மதியும் தனியாகப் பேசினாள். நான் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். உன்னோடு பேச விஷயம் வேண்டும் என்பதற்காக நூலகத்துக்குப் போய் இரண்டு பேப்பர் படித்தேன். தீர்மானம், தடை, இறையாண்மை என்று வார்த்தைகளைக் கற்றுக்கொண்டேன். நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருநாள், "அவுங்க எங்கியோ அடிச்சிக்கிறாங்க, இங்க டீசல் ஏறி எங்க போட்டு கரையில நிக்குதும்மா, எப்பதான் விடுவாங்களோ" என்றாள். "ஆமாம்மா, சீக்கிரம் முடியணும்" என்றேன். பொய். அது முடிந்தால் நீங்கள் ராசியாகிவிடுவீர்கள் என்ற பயம்தான் எனக்கு.

உன்னிடம் பேசும்போது உன் பக்கம். "நீ சொல்றதுதான்பா ஞாயம். மதி புள்ளைப் பாசத்துல பேசுறா." அவளிடம் பேசும்போது அவள் பக்கம். "அவனுக்கென்ன தெரியும், புள்ள பெத்தவனா?" நீ அவளைப் பற்றிச் சொன்னதில் கோபமான பாதி அவளுக்குப் போகும். "அக்கா சாப்பிடுறாளாம்மா?" என்று நீ கேட்ட மீதி என்னிடமே நின்றுவிடும். அவள் சொன்னதும் அப்படியே. "அவன் வருத்தப்படுறானா?" என்று அவள் ஐந்தாறு தடவை கேட்டாள். ஒரு தடவைகூட உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாடுகளின் தூதர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் யாராவது என்னைப் போல் இருந்தால் உலகத்தில் ஒரு சண்டையும் ஓயாது.

இனி புகைப்படத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் போருக்கு எதிராக நடந்த ஊர்வலத்துக்கு நீ போனாய். ஊர்வலக்காரர்கள் இணையத்தில் போட்டிருந்த, நீ கையில் ஓர் அட்டையோடு நிற்கும் படத்தை எனக்கு அனுப்பினாய். அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். போருக்குப் போகிறவன் கொலைகாரன். "என்னப்பா இது?" என்று கேட்டேன். "யாரோ கையில குடுத்தாங்கம்மா, புடிச்சேன். என்னா எழுதியிருக்குன்னு அப்புறந்தான் பாத்தேன். அக்காகிட்ட காட்டிடாதீங்க" என்றாய். காட்டாதே என்று சொன்னாய், செந்தில். அன்று காலையில்தான் மதி கூப்பிட்டு, கவினின் படைப்பிரிவைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, பேச முடியாமல் வைத்திருந்தாள். இரண்டும் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

அந்தப் படத்தை மதிக்கு அனுப்பியது நான்தான். "உன் தம்பியைப் பார்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். யாரோ கையில் கொடுத்தது என்று நீ சொன்னதைச் சேர்க்கவில்லை. கை தவறி விரல் பட்டுப் போய்விட்டது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். விரல் தவறினால் படம் போகும், அந்த ஒரு வரி போகாது. அன்றைக்கு முந்தின நாள் நீ என்னிடம், "கோவம் வந்தாலும் அக்காகிட்ட பேசாம இருக்க முடியலம்மா, ஞாயித்துக்கெழமை நானே கூப்புடப்போறேன்" என்று சொல்லியிருந்தாய். நீ ராசியாகப் போகிறாய் என்றுதான் அனுப்பினேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். அவள் அந்தப் படத்தை உனக்கு அனுப்பி, "என் மகன் கொலைகாரன்னா நான் உனக்கு அக்கா இல்ல" என்று எழுதினாள். நீ பதறிப்போய் எனக்குப் போன் செய்தாய். "யாரும்மா குடுத்திருப்பா? மாமாதான் எங்கியாவது தேடி எடுத்திருப்பாரு. அவருக்கு எப்பவுமே எம்மேல ஒரு இது" என்று மாப்பிள்ளையைச் சொன்னாய். நான், "இருக்கும்பா" என்றேன். அந்த மனுஷன், நீ முதன்முதலாக அந்த ஊரில் இறங்கியபோது தன் நாட்டிலிருந்து கிளம்பி விமான நிலையத்தில் வந்து நின்றவர், உன் முதல் குளிர்காலத்துக்குத் தன் கோட்டைப் பார்சலில் அனுப்பியவர். நீ அவருக்கு என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியும். எனக்கும் நகல் அனுப்பியிருந்தாயே. அதைப் படித்தபோதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்குள் நீ தினம் என்னிடம் பேச ஆரம்பித்திருந்தாய். காலையில் என்ன சாப்பிட்டேன் என்றுகூடக் கேட்டாய். அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் போர் ஒரு மாதிரி முடிந்தது. இரண்டு நாட்டுத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்த படம் பேப்பரில் வந்தது. பழைய கூட்டணி முன்பைவிடப் பலமாக இருக்கிறது என்று இருவரும் சொன்னார்களாம். நூலகத்தில் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய நாடுகள் அத்தனை வார்த்தைகளைச் சொல்லிவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டன. என் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பேசாமல் இருக்கிறார்கள். அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை.

போன மாதம் மதி, கவினோடு வந்தாள். கல்யாணத்துக்கு வராமல் இப்போதே ஏன் வந்தாய் என்று கேட்டேன். "அப்ப வந்தா அவனுக்குச் சங்கடமா இருக்கும்மா. ஒன்னயும் வூட்டையும் பாத்துட்டுப் போயிடுறோம்" என்றாள். கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் தங்குவதற்காகச் செம்மண்டலத்து வீட்டைத் திறந்து சுத்தம் செய்யப் போனோம். மூன்று பேரும் ஒட்டடை அடித்து, தரை கழுவி, களைத்துப்போய்க் கூடத்தில் உட்கார்ந்தோம். கவின் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். நான் ஏதோ கேட்டேன், அவன் பதில் சொல்லவில்லை. பிறகு எழுந்து மறுபக்கம் வந்து உட்கார்ந்தான். "ஸாரி ஆயா. அந்தக் காது கேக்காது. வெடிச்சதுல போயிடுச்சி" என்றான். இருபது வயது. மதி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதைப் பற்றி அதுவரை என்னிடம் அவள் சொல்லவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் தமிழில் கேட்டான். "ஆயா, செந்தில் மாமா என்னையத்தான் கொலைகாரன்னு சொன்னாரா? நான் யாரையும் சுடல ஆயா. நான் லாரி ஓட்டுனேன். அவருகிட்ட அத மட்டும் சொல்றீங்களா?"

மதி அவனை டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். அவன் போனதும் நான் அவள் கையைப் பிடித்தேன். "மதி, அந்தப் படம்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றாள்.

"என்னாடி தெரியும்?"

"ஒன் நம்பர்லேந்துதானம்மா வந்துச்சி."

ஆமாம், என் நம்பரிலிருந்துதான் போனது. அவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? ஒன்றரை வருஷம் நான் அந்த ஒன்றை யோசிக்கவே இல்லை. உன்னிடம் மறைப்பதிலேயே கவனமாக இருந்துவிட்டேன். "அப்புறம் ஏன்டி அவன்கிட்ட சொல்லல? ஒன் வூட்டுக்காரரத் திட்டுனானே. அவராவது சொல்லியிருக்கலாமே?"

"அவருதான் சொல்லணும்னாரு. நான்தான் வேணாம்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவம்மேல கோவம்தாம்மா, இல்லேங்கல. அட்டைய யாரு குடுத்தா என்னா, புடிச்சது அவன் கைதான. ஆனா நீதான் அனுப்புனன்னு தெரிஞ்சா ஒன்கிட்டயும் பேச மாட்டான். நானும் இல்ல, நீயும் இல்லன்னா அவனுக்கு அந்த ஊர்ல யாரும்மா இருக்கா? நீயாவது இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

பிறகு, "இப்பவும் சொல்லாத. கல்யாணம் முடியட்டும்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். அந்த வாக்கைத்தான் இந்தக் கடிதத்தில் மீறுகிறேன்.

அவள் அதைச் சொன்ன நிமிஷம் எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, செந்தில். இதிலும் அவளே உனக்கு அம்மாவாக இருந்துவிட்டாளே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. அறுபத்தாறு வயதில், அவள் மகனின் ஒரு காது போன பிறகும் அந்த எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அந்தப் போர் தப்பு என்பதில் நான் இன்றைக்கும் உன் பக்கம்தான். உன் நாடு முடியாது என்று சொன்னது சரி. கூடவே இருப்பவன் தப்புக்குப் போகும்போது, நான் வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்வதற்குப் பாசம் வேண்டும், தைரியமும் வேண்டும். ஆனால் நீ அக்காவிடம் பேசியபோது ஒரு நாடு இன்னொரு நாட்டோடு பேசுகிற மாதிரி பேசினாய். எதிரில் இருந்தது நாடு இல்லை, மகனைக் கப்பலில் ஏற்றப்போகும் ஒருத்தி. போர் தப்பு என்று அவள் ஒப்புக்கொண்டால், அவன் தப்பான காரியத்துக்காகச் சாகப்போகிறான் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த அம்மாவால் முடியும்? நீ உன் கருத்தை மாற்ற வேண்டாம். அவளும் மாற்றமாட்டாள். கருத்தை அப்படியே வைத்துக்கொண்டு, "கவினுக்குக் காது எப்படி இருக்கு?" என்று கேட்கலாம்.

கயலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கயலு, நீயும் படி. நாளைக்கு உன்மேலும் எனக்குப் பொறாமை வரும். கண்டிப்பாக வரும். அவனைப் பற்றி உன்னிடமும், உன்னைப் பற்றி அவனிடமும் ஒவ்வொன்றாகக் கொண்டுவருவேன், பாசமாகத்தான் கொண்டுவருவேன். நான் ஒன்று சொன்னால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, "அம்மா இப்புடிச் சொன்னாங்களே, நெசமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் பிள்ளைகளுக்கு இதை முப்பது வருஷம் முன்னால் யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

முதல் பத்திரிகையை மதி பெயருக்கும் மாப்பிள்ளை பெயருக்கும் எழுதி நேற்றே அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. மூன்றாவது முடிச்சை அவள்தான் போட வேண்டும். மணமேடைக்கு யாராவது வரக்கூடாது என்றால் அது நான்தான். நீ அப்படிச் சொன்னால் மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். அதற்கும் வேண்டாம் என்றால் சிதம்பரத்திலேயே இருந்துவிடுகிறேன். பாவம் என்று நீ இரங்குவதற்காகச் சொல்லவில்லை. என்மேல் உனக்கு வரப்போகும் கோபம் நியாயமானது. அதை அவசரமாக விட்டுவிட வேண்டாம். மாப்பிள்ளையிடம் மட்டும் தாமதிக்காமல் மன்னிப்புக் கேள். அவர் சுமந்தது என் பழி.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ உடனே எனக்குப் போன் செய்யத்தான் நினைப்பாய், திட்டுவதற்காகவாவது. செய்யாதே. மணி அடித்தாலும் நான் எடுக்கப்போவதில்லை. முதலில் அவளைக் கூப்பிடு. மதி, அவன் கூப்பிட்டால் எடு. நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். பிறகு ஒருநாள் நான் உன்னிடம், சும்மா கேட்பது மாதிரி, "அக்கா என்னப்பா சொன்னா?" என்று கேட்பேன். என்னால் கேட்காமல் இருக்க முடியாது.

கேட்டால் சொல்லாதே.

உன் அம்மா
சிதம்பரம்